ஆடியில் எடுத்த பாட்டு

கல்யாண வீடியோ எடுப்பவர்களுக்கு ஆடி பிறந்துவிட்டால் வேலை இல்லை. முகூர்த்தம் கிடையாது, கேமரா பையிலேயே கிடக்கும். நான் பார்த்தவரை, கைக்காசைப் போட்டு எடுக்கும் ஆல்பம் பாடல்களுக்கு நல்ல கேமராவும் நல்ல கையும் சல்லிசாகக் கிடைப்பது இந்த மாதத்தில்தான்.

மரக்காணம் உப்பளத்துக்கு நான் போனதும் ஓர் ஆடி விடியலில்தான். உப்பளத்தில் வேலை பார்க்கும் ஓர் அம்மாவின் மகன் எழுதிப் பாடிய பாட்டு. அவரைத் தவிர இயக்குநர், திண்டிவனம் பக்கத்துக் கல்யாண கேமராமேன், அவருடைய உதவியாள், ஸ்பீக்கரில் பாட்டை ஓட்ட ஒரு பையன். அவ்வளவுதான் யூனிட். ஜெனரேட்டர் இல்லை, டிரோன் இல்லை. டிரோன் இல்லாதது எனக்குப் பெரிய நிம்மதி. எதை எடுப்பதென்று தோன்றாதபோதெல்லாம் மேலே பறக்கவிடுவது ஒரு வியாதியாகிவிட்டது.

"லைட்டெல்லாம் எங்கே?" என்று கேட்டேன்.

"கீழ பாருங்க சார்" என்றார் கேமராமேன்.

பாத்தி ஓரத்தில் வாரிக் குவித்திருந்த உப்பு, சாய்வாக விழுந்த வெயிலைக் கீழிருந்து முகத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தது. கண்குழியிலும் தாடைக்கு அடியிலும் விழும் நிழலைப் போக்க வழக்கமாக ஒருவர் தெர்மாகோல் அட்டையைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பார். இங்கே அந்த வேலையை உப்பே பார்த்தது. ஆனால் அதே உப்பு கேமராவை ஏமாற்றவும் செய்யும். ஆட்டோவில் விட்டால், இவ்வளவு வெள்ளையைக் கண்ட கேமரா வெளிச்சத்தைக் குறைத்துவிடும். மாநிறமான முகம் கரிக்கட்டையாகிவிடும். அவர் மேனுவலுக்கு மாற்றி, பாடகரின் கன்னத்துக்கு அளவு வைத்துக்கொண்டார். "உப்பு வெளுத்தா போகுது சார், அது உப்புதானே. மூஞ்சி போச்சுன்னா பாட்டே போச்சு."

செலவு குறைந்தால் தரமும் குறையும் என்ற பேச்சை இயக்குநர் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. 2011-இல் உலகத்தையே சுற்றிவந்த 'கொலவெறி' வீடியோவில் ஒலிப்பதிவுக் கூடத்தை விட்டு யாரும் வெளியே போகவில்லை என்பார். எனக்கு நினைவு வந்தது வேறொன்று: 2017-இல் வந்த 'சென்னை பொறம்போக்கு பாடல்'. கபேர் வாசுகி எழுதி, டி.எம். கிருஷ்ணா பாடி, ரதீந்திரன் பிரசாத் இயக்கியது. எண்ணூரில் போய் நின்று பாடினார்கள். அந்தப் பாட்டை ஸ்டுடியோவில் செட் போட்டு எடுத்திருந்தால் யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்? பாட்டு எந்த மண்ணைப் பற்றியதோ அந்த மண்ணே பின்னணியில் இருந்தது. இந்தப் பையன்களும் மரக்காணத்தை விட்டு வேறெங்கும் போகவில்லை.

பாடகர் வரப்பில் நடந்து வருவதுதான் அன்றைய பெரிய ஷாட். நடை மிதக்க வேண்டும், வாயசைவு பாட்டோடு ஒட்டவும் வேண்டும். அதற்காகப் பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, நொடிக்கு 50 ஃப்ரேமில் எடுத்தார்கள். 25-க்கு இறக்கி ஓட்டினால் நடை பாதி வேகமாகும். உதடு சரியான வேகத்துக்கு வந்து பாட்டில் உட்கார்ந்துகொள்ளும். கேட்க எளிது. ஸ்பீக்கரில் கீச்சுக் குரலில் பறக்கிற வரிகளுக்கு வாயசைத்துக்கொண்டே, வழுக்கும் வரப்பில் நடக்க வேண்டும். பல்லவி தப்பித்தது. சரணத்தில், மூச்சுவிட இடமில்லாத ஒரு வரியில் நாக்கு சிக்கியது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இயக்குநர் பதறவில்லை. "அந்த வரிக்கு முதுகைக் காட்டி நட" என்றார். முதுகுக்கு ஏது லிப் சிங்க்!

உப்பு சுமக்கும் பெண்களை எடுக்கும்போதுதான் கேமராமேனின் கல்யாணத் தொழில் கைகொடுத்தது. கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு முன்னால் போன அக்கா கேமராவைக் கடந்துவிட்டார். ஃபோகஸ் கொஞ்சம் தவறிவிட்டது.

"அக்கா, இன்னொரு வாட்டி வர முடியுமா?" என்று இயக்குநர் குரல் கொடுத்தார்.

"நீ வந்து தூக்கு கண்ணு, நான் பாடுறேன்" என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிட்டுப் போனார் அவர். வரிசை முழுக்கச் சிரித்தது.

ஈர உப்பின் கனத்தோடு ஒருவர் திரும்ப நடந்தால் அது நடிப்பு ஆகாது, இன்னொரு நடை கூலி வேலை. அதன்பிறகு கேமராமேன் யாரையும் எதுவும் கேட்கவில்லை. அவர்கள் போகும் தடத்தைக் கொஞ்ச நேரம் கவனித்தார், குவியலுக்குப் பக்கத்தில் முட்டி போட்டார், ஃபோகஸை முன்கூட்டியே ஓரிடத்தில் வைத்துக் காத்திருந்தார். கூடை கவிழும் கணம், உதறும் கை, சும்மாட்டைச் சரிசெய்யும் விரல் எல்லாம் வந்தது. "தாலி கட்டும்போது மாப்பிள்ளைகிட்ட ஒன் மோர் கேக்க முடியுமா சார்?" என்றார் பிறகு.

வெயில் உச்சிக்கு ஏறுமுன் பேக்கப். உப்புநீரில் நின்ற டிரைபாட் கால்களை உதவியாள் உடனே நல்ல தண்ணீரில் கழுவினார், விட்டால் அரித்துவிடும்.

எடிட்டிங்கை இயக்குநரே தன் லேப்டாப்பில் செய்தார். நிறத்தைச் சரிசெய்யும் டிஐ-யில் முகங்களைச் சற்று வெளுப்பாக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்ன யோசனையைப் பாடகரே வேண்டாமென்று தடுத்துவிட்டார்.

செலவு நோட்டையும் காட்டினார்கள். பெட்ரோல், டிபன், தண்ணீர் கேன், பெண்களுக்குக் கொடுத்த பணம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. கேமராமேன் பெயருக்கு எதிரே மட்டும் ஒன்றுமில்லை. அவரிடமே கேட்டேன்.

"எழுதினா அது லோ பட்ஜெட்டா இருக்காது சார்" என்றார். "ஆவணியில பார்த்துக்கலாம்."