அடுத்த இதழில் பதில்

கல்முனையிலிருந்து ‘கவிஞன்’ என்றொரு சஞ்சிகை வந்தது. 1969, 70 காலம். கவிதைக்கென்றே நடந்த காலாண்டிதழ். அதை நடத்திய எம்.ஏ. நுஃமான் கல்முனைக்குடியில் 1944இல் பிறந்தவர். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதுதான். சில இதழ்களோடு அது நின்றுபோயிற்று. நான் பிறக்கும் முன்பே நின்றுபோன அந்தச் சஞ்சிகையை நினைத்து எனக்கு ஏன் இத்தனை ஏக்கம் என்று வீட்டில் கேட்கிறார்கள். ஊரில் நான் விட்டுவந்த மற்றவை எல்லாம் போனால் கிடைக்கும். வேளாண்மை விளைந்த வட்டைக் காற்று இருக்கிறது, கரைவலை இழுக்கும் சத்தம் இருக்கிறது, கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகை பெயரால் கொடியேற்றுகிறார்கள். கவிஞர்கள் இதழ் நடத்திய கல்முனை மட்டும் போனாலும் கிடைக்காது.

பெரியநீலாவணையிலிருந்து தெற்கே வந்தால் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது. தமிழ் ஊர், முஸ்லிம் ஊர் என்று மாறி மாறி வரும். ஒரு ஊர் முடிவதும் அடுத்த ஊர் தொடங்குவதும் வெளியூரானுக்குத் தெரியாது. இந்தச் சிறு தூரத்துக்குள் எத்தனை பேர் எழுதிக்கொண்டிருந்தார்கள்! பெரியநீலாவணையில் ஆசிரியர் சின்னத்துரை இருந்தார். ஊரின் பெயரையே தன் பெயராக்கி நீலாவணன் ஆனவர். மருதமுனையில் தறிச் சத்தத்துக்கு நடுவே இன்னோர் ஆசிரியர், மருதூர்க்கொத்தன். பாண்டிருப்பில் சண்முகம் சிவலிங்கம். நீலாவணனும் ‘பாடும் மீன்’ என்று ஓர் இதழ் நடத்திப் பார்த்தார். அதற்கும் ஆயுள் கெட்டியில்லை. நீலாவணனிடம் யாப்பும் ஓசையும் கேட்டு வளர்ந்தவர்களில் முஸ்லிம் பொடியன்கள் பலர். நுஃமானும் அந்த வட்டத்திலிருந்து வந்தவர்தான்.

‘கவிஞன்’ வந்த அதே நாட்களில் வாசகர் சங்கம் என்ற பெயரில் புத்தகங்களும் வந்தன. யாழ்ப்பாணத்து அளவெட்டியில் பிறந்த மஹாகவியின் ‘கோடை’ என்ற பா நாடகம் 1970இல் கல்முனையிலிருந்து வெளிவந்தது. மறு வருடம் மஹாகவி மௌத்தானபோது அவருக்கு நாற்பத்து நான்கு வயது. யாழ்ப்பாணத்துக் கவிஞனின் எழுத்தை அச்சாக்கும் பொறுப்பைக் கல்முனைக்குடி இளைஞர் ஒருவர் தலையில் ஏற்றிக்கொண்டதை யாரும் பெரிய செய்தியாகப் பேசவில்லை. எல்லாருக்கும் அது இயல்பாகவே பட்டது. நான் ஏங்குவது அந்த இயல்புக்குத்தான்.

வாப்பா அந்த இதழ்களை ஒரு றங்குப் பெட்டியில் வைத்திருந்தார். உம்மாவுக்குக் கேட்கும்படி உரத்து வாசிப்பார். உம்மாவோ வயற்காட்டுக் கவிகளில் பிறந்து வளர்ந்தவர். ஓசை எங்கேயாவது தட்டினால் உடனே சொல்லிவிடுவார். வாப்பாவும் அதை மறுக்கமாட்டார்.

அண்மையில் வியட்நாமியக் கவிஞர்களைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். அங்கே தான் தா என்றொரு கவிஞர், 1889இல் பிறந்தவர். தன் ஊர்ப்பக்கத்து மலையின் பெயரையும் ஆற்றின் பெயரையும் சேர்த்துப் புனைபெயர் வைத்துக்கொண்டவர். எனக்கு உடனே நீலாவணன்தான் நினைவுக்கு வந்தார். தான் தா 1926இல் ‘அன்னாம்’ என்ற பெயரில் ஒரு சஞ்சிகை தொடங்கினார். காசு தீர்ந்தால் நிற்கும், கிடைத்தால் மறுபடி வரும். 1933இல் முற்றாக நின்றது. கடைசிக் காலத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தும் சாத்திரம் பார்த்தும் சீவித்து, 1939இல் ஹனோயில் வறுமையிலேயே கண்ணை மூடினார்.

அதைவிட என்னைப் பிடித்துக்கொண்டது ஃபான் கோயின் கதை. அவர் கவிஞர், பத்திரிகைக்காரர், ஓயாத விவாதக்காரர். 1932 மார்ச்சில் சைகோனிலிருந்து வந்த ஒரு பெண்கள் வாரப் பத்திரிகையில் கட்டுரை எழுதினார். பழைய யாப்பு மூச்சுமுட்டுகிறது, இப்படியும் எழுதலாம் என்று சொல்லி, அந்தக் கட்டுரைக்குள்ளேயே தன் கவிதை ஒன்றையும் வைத்தார். முதுமையில் சந்தித்துக்கொள்ளும் பழைய காதலர்களைப் பற்றிய கவிதை அது. அப்போது வியட்நாமைப் பிரெஞ்சுக்காரர்கள் மூன்றாகக் கூறுபோட்டிருந்தார்கள். சைகோனுக்கு ஒரு சட்டம், ஹனோய்க்கு வேறு சட்டம். சைகோனில் போட்ட அந்தக் கவிதைக்கு ஹனோய்ப் பத்திரிகைகளில் எதிரொலி கேட்டது. ஆதரித்தும் எதிர்த்தும் வருடக்கணக்கில் எழுதினார்கள். ஆட்சி மூன்றாக வெட்டிய நாட்டைக் கவிஞர்களின் பத்திரிகைச் சண்டை ஒரே வாசகக் கூட்டமாக்கியது.

எங்கள் கரையிலும் அது சிறிய அளவில் நடந்தது என்றே நம்புகிறேன். பெரியநீலாவணைக்காரர் எழுதியதை மருதமுனைக்காரர் வெட்டிப் பேசுவார். அதைப் பாண்டிருப்புக்காரர் மறுப்பார். கோபம்கூட எழுத்தின் மேல்தான் இருந்தது. 1985க்குப் பிறகு தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் இடையில் பயம் வந்து உட்கார்ந்தது. நெருப்பு, வெட்டு, இடம்பெயர்வு. 1990 அதைவிடக் கொடியது. சைக்கிளில் அரை மணி நேரத்துக்குள் போய்வந்த ஊர்கள் தூரமாகிப்போயின. கல்முனையிலிருந்து சோலைக்கிளி அந்தக் காலத்தை எழுதினார். 1988இல் வந்த அவருடைய தொகுதிக்குப் பெயரே ‘எட்டாவது நரகம்’. அன்றைய பத்திரிகைச் செய்தியில் எங்கள் பக்கத்துச் சாவு ஓர் எண்ணிக்கையாகத்தான் வரும். அந்த இரவின் நாற்றத்தையும் நடுக்கத்தையும் கவிதைதான் சொன்னது. என் மனதில் அவர் கவிஞர் மட்டுமல்ல, எங்கள் ஊரின் நிருபரும்தான்.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் கரையோரத் தெருக்களே இல்லாமல் போயின. மனிதர்களைத் தேடிய நாட்களில் றங்குப் பெட்டியை யார் நினைத்தார்கள்? வருடங்கள் கழித்துத்தான் வாப்பா அதைப் பற்றி ஒரு தரம் கேட்டார். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

இணையத்தில் நூலகம் நிறுவனத்தார் ஈழத்துப் பழைய இதழ்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். அந்த உழைப்புக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. ஊரிலும் எழுத்து வற்றவில்லை. சாய்ந்தமருதில் அனார் எழுதுகிறார்; கிழக்கின் கிராமியக் காதல் பாடல்களையும் தேடித் தொகுத்திருக்கிறார். பிள்ளைகள் ஃபேஸ்புக்கில் எழுதுகிறார்கள், நன்றாகவே எழுதுகிறார்கள். மருதமுனைப் பிள்ளை எழுதியதற்கு மருதமுனைக் கூட்டாளிகள் விருப்பக்குறி போடுகிறார்கள். பெரியநீலாவணையில் எழுதியதற்குப் பெரியநீலாவணையார் போடுகிறார்கள். ஊர் எல்லையை எழுத்தும் தாண்ட மறுக்கிறதே என்பதுதான் என் துக்கம்.

யாராவது ஒரு பொடியன், ஒரு புள்ளை, கல்முனை என்று முகவரி போட்டு மறுபடியும் ஒரு காலாண்டிதழ் தொடங்கவேண்டும். நான்கு இதழ் வந்து நின்றாலும் போதும். மருதமுனையில் ஒருவர் எழுதிய கவிதையைப் பெரியநீலாவணையில் ஒருவர் வாசித்துவிட்டு, ‘இந்த அடியில் ஓசை இடறுகிறது, இந்தக் கருத்தை நான் ஒப்பமாட்டேன்’ என்று முகத்துக்கு நேரே கடிதம் போடவேண்டும். அதற்குரிய பதில் அடுத்த இதழில் வரும் என்று இரண்டு ஊரும் மூன்று மாதம் காத்திருக்கவேண்டும்.