பின்னச்சும் வெண்கட்டியும்

மொறிஸ் மைனர் என்னும் சிறு மோட்டார் வண்டியை அறியாதார் நம் நாட்டில் மிகச் சிலரே. 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த இவ்வண்டி, 1960களின் தொடக்கத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியபின், 1977 வரை வேறு வழியின்மையாலும் அதன்பின் பற்றினாலும் இலங்கையிற் பேணப்பட்டு வந்துள்ளது. சிலாபம் முதல் கற்பிட்டி வரையுள்ள எமது கரையோரத்தில் உப்புக்காற்று தகட்டைத் தின்னும். பின்னச்சோ ஓலமிட்டே அழியும். தந்தையார் விட்டுச்சென்ற 1958ஆம் ஆண்டு வண்டியும் ஒருநாள் முந்தலைத் தாண்டுகையில் அவ்வாறே ஓலமிடத் தொடங்கிற்று. பழைய இரும்புக்குக் கொடுத்துவிடலாம் என்றனர் வீட்டு இளைஞர். தமக்குக் கண்ணுள்ளவரை அது வாசலில் நிற்கவேண்டும் என்றார் தாயார்.

அவ்வேளை மலைநாட்டு வியாபாரி ஒருவர், எமது வண்டிக்கு உரியதே என உறுதி கூறி ஓர் அச்சினைக் கொணர்ந்தார். பார்வைக்கு யாதொரு வேறுபாடும் இல்லை. பணத்தை எண்ணும் வேளையில், சிலாபத்து முதிய மெக்கானிக் ஒருவர் எம்மைத் தடுத்தார்.

"தம்பி, கூட்டைப் பார்த்துக் குருவியைச் சொல்லாதேயும். சுற்றி எண்ணும்" என்றார்.

அச்சின் உள்ளே பினியன் என்னும் சிறு பற்சக்கரம், கிறவுண் வீல் என்னும் பெரியதைச் சுழற்றுகின்றது. இரண்டின் பற்களுக்குமுள்ள விகிதமே அச்சின் குணம். கூட்டைத் திறவாமல் அதனை அறிய ஒரு வெண்கட்டியே போதும். ஒரு பக்கத்தை அசையாது பிடித்தால் மறுபக்கம் இருமடங்கு சுழலுமாதலின், அதனைச் சரியாக இருமுறை சுற்றவேண்டும். பினியன் முனையில் இட்ட கோடு எத்தனை முறை வருகின்றது என எண்ணவேண்டும். கல்லூரியில் விகிதசமன் கணக்குக்குப் பிரம்படி பெற்ற நாம், அன்று முழந்தாளிட்டு அதே கணக்கைச் செய்தோம்! ஐந்தேகாலுக்குச் சற்றே மேல் வந்தது. 7க்கு 37, முந்திய இரண்டாம் வரிசை மைனரின் அச்சு. எமது வண்டிக்கு உரியதோ 9க்கு 41, அஃதாவது நான்கரைக்குச் சற்று மேல்.

நுவரெலியா ஏற்றத்துக்கு அவ்வச்சு நன்று. பாலாவியை நோக்கிய சமதரையில், அதே வேகத்துக்கு இயந்திரம் நூற்றுக்குப் பதினாறு பங்கு மிகுதியாகச் சுழன்று கதறியிருக்கும். திருப்பி அனுப்பினோம். வியாபாரி கோபித்தார், அவரும் எண்ணிப் பார்த்தவரல்லர் போலும்.

பின்னர் 1962க்குப் பிந்திய, 1098 சீசீ இயந்திரமுள்ள மைனரின் உட்பகுதி கிடைத்தது. 9க்கு 38, கோடு நான்கேகாலுக்குச் சற்றுக் குறைய வந்தது. அரைத்தண்டுகளை உருவி, முன்புறமாகப் பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டி, ஹைப்பொயிட் எண்ணெய் வார்த்தார் முதியவர். வூல்ஸ்லி 1500இன் அச்சு இன்னும் விரைவானது என ஆசை காட்டினோரும் உளர். அதன் விகிதம் 3.73. கரையோரத்து மாடுகளை நினைத்து மறுத்தோம்.

வேகமானி கியர்ப்பெட்டியிலிருந்து இயங்குவதாதலின், அச்சு மாறினால் அது பொய்யுரைக்கும். முள் நாற்பது மைல் என்கையில் வண்டி நாற்பத்து மூன்றில் ஓடும். வூல்ஸ்லி அச்சாயின் நாற்பத்தொன்பதில் ஓடியிருக்கும். ஆதலின் வேகமானியின் கீழே "40 என்பது 43" எனத் துண்டுத்தாளில் எழுதி ஒட்டினோம். தாயாரை முன்னேசுவரத்துக்கு அழைத்துச் செல்லுகையில் அவர் அதனை உரக்க வாசித்துக்கொண்டே வருகின்றார்.