எங்கிருந்து வழிகிறது பெட்ரோல்?

பாரிஸின் வடக்குப் புறநகர் லா கூர்நெவ். ரயில் பாதையை ஒட்டிய பழைய கிடங்குகளில் ஒன்றுதான் அந்தப் பட்டறை. உள்ளே நுழையும் முன்பே பெட்ரோல் வாடை மூக்கில் ஏறியது. கதவுகள் இரண்டும் அகலத் திறந்திருந்தன. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் தரையில் நின்றது. பேட்டரி கழற்றப்பட்டு ஓரமாக இருந்தது. நடுவில், முன்மூடியைத் திறந்தபடி 1988ஆம் ஆண்டின் ரெனோ 5 ஜிடி டர்போ ஒன்று.

அதன் உரிமையாளர் ஐம்பதைத் தாண்டிய பிரெஞ்சுக்காரர். காலையில் வண்டி ஒழுங்காகக் கிளம்புகிறது, ஓடி நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் மட்டும் எஞ்சின் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பிடிப்பதில்லை என்பது அவர் முறையீடு. பிடித்தாலும் கரும்புகை. கழற்றிப் பார்த்த ஸ்பார்க் பிளக்குகள் நான்கும் நனைந்து, கரிபடிந்து கிடந்தன. வேறொரு பட்டறையில் கார்புரேட்டரைப் பிரித்து, புது கேஸ்கெட், புது நீடில் எல்லாம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வாரம் கூடத் தாங்கவில்லை.

பட்டறைக்காரர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். அறுபதை நெருங்கும் வயது. அவரை எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஸ்பானரைத் தொடுவதற்கு முன்னால் வண்டிக்காரரிடம் அவர் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். குளிரில் நிற்கும்போது வழிகிறதா, வேகமெடுக்கும்போதா, சூடாக நிறுத்திய பிறகா? டேங்க் நிரம்பியிருந்தபோதா, குறைந்திருந்தபோதா? கடைசியாக யார், எதற்காக வண்டியை ஜாக்கியில் தூக்கினார்கள்?

"தம்பி, கார்பரேற்றர் பாவம். அதுக்கு வாற அழுத்தம் என்னெண்டு பாராமல் அதைக் குற்றம் சொல்லக் கூடாது," என்றார் என்னிடம்.

இந்தக் காரில் அந்தப் பேச்சுக்கு அர்த்தம் அதிகம். கார்புரேட்டரும் டர்போவும் ஒன்றாக வாழ்ந்த காலம் குறுகியது. 1962இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயரும் ஷெவர்லே கார்வேர் மோன்சா ஸ்பைடரும் டர்போவோடு வந்தன. அவற்றில் கார்புரேட்டர் டர்போவுக்கு முன்னால் இருந்தது. பெட்ரோலும் காற்றும் கலந்த பிறகே டர்போ அவற்றை உறிஞ்சி அழுத்தியது. பின்னால் வந்த லோட்டஸ் எஸ்ப்ரி டர்போ, 1981இல் அறிமுகமான மசராட்டி பைடர்போ, ரெனோ 5 ஜிடி டர்போ ஆகியவற்றில் வரிசை தலைகீழானது. டர்போ முதலில் காற்றை அழுத்துகிறது, அழுத்திய காற்று கார்புரேட்டருக்குள் ஊதப்படுகிறது. ரெனோவில் அந்தக் கார்புரேட்டர் ஒற்றைத் தொண்டை கொண்ட சோலெக்ஸ் 32 டிஐஎஸ். 1985இல் வந்தபோது வெறும் 1,397 சிசி எஞ்சினிலிருந்து 115 குதிரைத்திறன் எடுத்தார்கள். அந்த எஞ்சினின் மூலவடிவமோ 1962இலேயே பிறந்தது. எண்ணூற்றைம்பது கிலோ எடைக்கு அது பெரிய சக்தி.

சாதாரண கார்புரேட்டரில் காற்று உறிஞ்சப்படுகிறது. பெட்ரோல் பம்ப் மெல்லத் தள்ளினால் போதும். இங்கே டர்போ முழுவீச்சில் சுழலும்போது காற்று சுமார் 0.7 பார் கூடுதல் அழுத்தத்தோடு உள்ளே வருகிறது. பெட்ரோல் அதே அழுத்தத்தை எதிர்த்துத்தான் ஃப்ளோட் கிண்ணத்துக்குள் நுழைய வேண்டும். அழுத்தம் போதாவிட்டால் எஞ்சின் பட்டினி கிடக்கும், பிஸ்டன் உருகும். மிகுந்தால் கிண்ணம் வழியும். ஆகவே காற்றழுத்தம் ஏற ஏற, அதற்கு மேல் சுமார் கால் பார் மட்டும் கூடுதலாக வைத்திருக்கும்படி ஒரு ரெகுலேட்டர் பெட்ரோலைக் கட்டுப்படுத்துகிறது. மிஞ்சியதை ரிட்டர்ன் குழாய் வழியே டேங்குக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

கிண்ணத்துக்குள் இருப்பது மாடித் தண்ணீர்த் தொட்டியின் மிதவை வால்வைப் போன்ற ஏற்பாடுதான். பெட்ரோல் ஏறினால் ஃப்ளோட் ஏறும், ஃப்ளோட் ஏறினால் நீடில் தன் இருக்கையில் அமர்ந்து வழியை அடைக்கும். அந்த நீடிலை அடைத்து வைத்திருப்பது ஃப்ளோட்டின் மிதப்பு விசை மட்டும். மேலிருந்து வரும் அழுத்தம் இரண்டு மடங்கானால் புத்தம் புதிய நீடில்கூடத் தோற்றுப்போகும். முந்தைய பட்டறையில் போட்ட புது நீடிலுக்கு நேர்ந்தது இதுதான் என்று அண்ணை சந்தேகப்பட்டார்.

அவர் முதலில் உருவியது எஞ்சின் எண்ணெய் அளக்கும் குச்சியை. மேல் கோட்டையும் தாண்டி எண்ணெய் ஏறியிருந்தது. ஒரு சொட்டை விரல்களுக்கிடையே தேய்த்து, முகர்ந்து, என்னிடமும் நீட்டினார். எண்ணெய் நீர்த்துப் போயிருந்தது, பெட்ரோல் வாடை தூக்கலாக இருந்தது. வழிந்த பெட்ரோல் சிலிண்டர் சுவர்களைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கியிருக்கிறது. டர்போ இல்லாத காரில் இது தொல்லை, டர்போ காரில் ஆபத்து. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழல்கிறது. அதைத் தாங்குவது இதே எண்ணெயின் மெல்லிய படலம். அது நீர்த்தால் முதலில் சாவது டர்போவின் பேரிங். "இனி இந்த எண்ணெயோட ஒருக்காலும் ஸ்டார்ட் பண்ணக் கூடாது" என்று சொல்லி, சோதனை தொடங்கும் முன்பே எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றினார். கெட்ட எண்ணெயோடு எஞ்சினை ஓட்டிப் பார்த்தே நோயைத் தேடும் பட்டறைகளைப் பார்த்திருக்கிறேன். அவர் செய்த வரிசைதான் சரியானது என்று அங்கே நின்றபோது எனக்கு உறுதியாகத் தோன்றியது.

அடுத்து கேஜ். கார்புரேட்டருக்குப் போகும் பெட்ரோல் குழாயில் ஒரு டி இணைப்பைச் செருகி அழுத்தமானியை மாட்டினார். பேட்டரியை மறுபடி இணைத்து எஞ்சினை ஓடவிட்டதும், கால் பாரில் நிற்க வேண்டிய முள் அரை பாரையும் தாண்டி நின்றது. சரி, ரெகுலேட்டர் போய்விட்டது, மாற்றிவிடலாம் என்றான் உதவியாளன். அண்ணை தலையாட்டவில்லை. எஞ்சினை அணைத்து, ரெகுலேட்டரிலிருந்து டேங்குக்குப் போகும் ரிட்டர்ன் குழாயைக் கழற்றினார். அதன் இடத்தில் வேறொரு குழாயை மாட்டி, நுனியை ஒரு கேனுக்குள் விட்டார். மறுபடி ஸ்டார்ட். முள் இறங்கிக் கால் பாரில் நின்றது.

ரெகுலேட்டர் நன்றாக இருந்தது. அது திருப்பி அனுப்பிய பெட்ரோலுக்குத்தான் போக வழியில்லை.

வண்டியைத் தூக்கி, கைவிளக்கை எடுத்துக்கொண்டு அடியில் நுழைந்தார்கள். வலது பக்கம், ஜாக்கி வைக்கும் இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, ரிட்டர்ன் குழாய் தட்டையாக நசுங்கியிருந்தது. யாரோ தவறான இடத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கியிருக்கிறார்கள். அண்ணை கழற்றிய முனையில் வாயை வைத்து ஊதினார். கன்னம் உப்பியது, டேங்குக்குள் குமிழ்ச் சத்தம் மிக மெதுவாக, விட்டுவிட்டுத்தான் வந்தது. "கேட்டியாடா? இதுதான் நோய். மேல இருக்கிறது அதின்ர காய்ச்சல்," என்றார் உதவியாளனிடம்.

நசுங்கிய துண்டை வெட்டி, புதுக் குழாய் வளைத்துப் போட்டார்கள். இடையிலிருந்த ரப்பர் துண்டுகளையும் மாற்றினார்கள். பிரான்ஸில் 2009 முதல் பத்து சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனையாகிறது. அந்தக் காலத்து ரப்பர் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டதல்ல. ஊறி மெத்தென்றாகி, உட்சுவர் பொடிப்பொடியாக உதிர்கிறது. அந்தத் துகள் ஒன்று நீடிலுக்கும் இருக்கைக்கும் நடுவே சிக்கினாலே கிண்ணம் வழியும்.

ஒரு காரணம் கிடைத்தவுடன் நிறுத்திவிடாததுதான் இந்த மனிதரிடம் நான் மதித்த குணம். கார்புரேட்டரின் மேல்மூடியைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தார். இப்போது ஃப்ளோட்டின் எடை நீடிலை அழுத்துகிறது. பெட்ரோல் நுழையும் வாயில் குழாய் மாட்டி ஊதினார். காற்று துளியும் போகக் கூடாது. மெல்லிய சீழ்க்கை கேட்டது. நீடிலை உருவிப் பூதக்கண்ணாடியில் காட்டினார். ஒரு வாரம் ஓடிய புது நீடிலின் கறுத்த கூம்பு முனையைச் சுற்றி மயிரிழை போல ஒரு வளையம் பதிந்திருந்தது. அளவுக்கு மீறிய அழுத்தத்தில் திறந்து திறந்து அடித்த தடம். அதையும் மாற்றினார். ஃப்ளோட்டைக் காதருகே வைத்துக் குலுக்கினார். உள்ளே பெட்ரோல் இறங்கியிருந்தால் சலசலக்கும். சத்தமில்லை.

அப்படியும் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. சூடாக நிறுத்திய பிறகு மட்டும் ஏன் இத்தனை மோசம்? இந்த எஞ்சினின் அமைப்பிலேயே பதில் இருக்கிறது. காற்று உள்ளே போகும் வழியும் புகை வெளியேறும் வழியும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. கார்புரேட்டர், தகிக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் டர்போவுக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. ஓடும்போது காற்றும் புதுப் பெட்ரோலும் அதைக் குளிர்விக்கும். நிறுத்தியதும் வெப்பம் மேலே ஏறும், கிண்ணத்தில் பெட்ரோல் கொதிக்கும், பொங்கித் தொண்டைக்குள் வழியும். ரெனோ பொறியாளர்களுக்கு இது தெரிந்திருந்தது. எஞ்சினை அணைத்த பிறகும் கார்புரேட்டர் மேல் காற்றடிக்க ஒரு சிறு மின்விசிறி வைத்தார்கள். இந்த வண்டியில் அது சுற்றவில்லை. இணைப்பியில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. சுரண்டிச் சுத்தம் செய்து நேரடியாக மின்சாரம் கொடுத்ததும் சுற்றியது.

ஆக, ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று பழுதுகள். ஏதாவது ஒன்றை மட்டும் சரிசெய்து அனுப்பியிருந்தால் வண்டி திரும்பி வந்திருக்கும்.

இந்தப் பொறுமையை எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். 1990இல் இலங்கையின் வடக்கின் மீது அரசின் பொருளாதாரத் தடை விழுந்தபோது அவர் யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜில் கைவேலை பழகிக்கொண்டிருந்தார். பெட்ரோல் தடைசெய்யப்பட்ட பொருள். மண்ணெண்ணெயே அரிதாக, கொள்ளை விலையில் கிடைத்தது. மோட்டார் சைக்கிள்களும் ஆஸ்டின் ஏ40, மொரிஸ் மைனர் கார்களும் அதில்தான் ஓடின. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. அதனால் ஒரு சிறு போத்தலில் சேமித்த சில சொட்டுப் பெட்ரோலைக் கார்புரேட்டருக்குள் விட்டு எஞ்சினைப் பிடிக்க வைப்பார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள்.

"அப்ப வழிஞ்சால் காசு வழிஞ்ச மாதிரி. ஒரு சொட்டு எங்கயிருந்து போகுது எண்டு கண்டுபிடிக்காமல் நித்திரை கொள்ள ஏலாது. பாட்ஸும் இல்லை. மாத்திப் பாப்பம் எண்ட கதையே இல்லை, யோசிச்சுத்தான் கண்டுபிடிக்க வேணும்."

உதவியாளன் பாரிஸில் பிறந்தவன். தொழிற்பள்ளியில் படித்தது முழுக்க, கணினியைச் செருகிப் பிழைக் குறியீட்டை வாசிக்கும் முறை. 1993 முதல் ஐரோப்பாவில் புதுப் பெட்ரோல் கார்களுக்கான புகை விதிகள் வினையூக்கி மாற்றியைத் தவிர்க்க முடியாததாக்கின. அதோடு கார்புரேட்டர் புது வண்டிகளிலிருந்து ஒழிந்தது. ஆனால் பழைய வண்டிகள் ஒழியவில்லை. முப்பது வயதைக் கடந்தவற்றைச் சேகரிப்பு வாகனமாகப் பதிந்து பேணுவோர் பிரான்ஸில் ஏராளம். அவற்றைத் தொடத் தெரிந்த கைகள்தான் குறைகின்றன. இந்தப் பையன் பள்ளியில் கேள்விப்படாததை இங்கே வாயால் ஊதியும் காதால் கேட்டும் கற்கிறான். பணம் கொடுத்து வாங்கும் எந்தப் பயிற்சிக்கும் இது குறைந்ததல்ல.

பிற்பகலில் சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். அழுத்தமானியை நீளக் குழாயோடு வெளியே எடுத்து, முன் கண்ணாடியின் வெளிப்புறம் வைப்பருக்கு அடியில் செருகியிருந்தார்கள். பெட்ரோல் குழாய் ஒருபோதும் ஆள் உட்காரும் இடத்துக்குள் வரக் கூடாது என்பது அண்ணையின் கட்டளை. மூன்றாவது கியரில் டர்போ மூச்செடுத்ததும் முள் ஒரு பார் அருகே ஏறியது. காலை எடுத்ததும் தயங்காமல் கால் பாருக்கு இறங்கியது.

திரும்பி வந்து அணைத்தார்கள். சிறு விசிறி சுற்றத் தொடங்கியது. கால் மணி நேரம் காத்திருந்து சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உடனே பிடித்தது. எக்ஸாஸ்ட்டில் செருகிய கருவி கார்பன் மோனாக்சைடை 2 சதவீதத்துக்குச் சற்று மேலே காட்டியது. இந்த வயது வண்டிக்கு அரசுச் சோதனையில் 3.5 வரை அனுமதி உண்டு. ஆனாலும் அண்ணை மெல்லிய திருப்புளியை எடுத்து, கலவைத் திருகைக் கால் சுற்று உள்ளே திருப்பினார். எண் 1.6இல் வந்து நின்றது. பிறகு பில்லின் அடியில் வண்டிக்காரருக்கு இரண்டு வரி எழுதினார்: 500 கிலோமீட்டரில் எண்ணெயை மறுபடி மாற்ற வேண்டும். ஜாக்கி வைக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் வண்ணம் பூசியிருக்கிறேன், வேறெங்கும் வைக்க விடாதீர்கள்.