வேந்தனின் கடன்

புறநானூற்றின் 312ஆம் பாடலை எடுத்தாளாத மேடைப் பேச்சாளர் நம்மிடையே அரிது. தாய், தந்தை, கொல்லன், வேந்தன், இளைஞன் என்று ஐவருக்கும் பொன்முடியார் அதில் கடன் வகுக்கிறார். மேடைகளில் தாயின் கடனும் மகனின் கடனும் ஓங்கி ஒலிக்கின்றன. வேந்தனின் கடனை எவரும் அழுத்திச் சொல்வதில்லை. அது 'நன்னடை' நல்குதல் என்பது ஒரு பாடம். 'தண்ணடை', அதாவது மருதநிலத்து ஊர், நல்குதல் என்பது மற்றொரு பாடம். எதைக் கொண்டாலும், போருக்கு அழைப்பவன் தானும் கடன்பட்டவனே.

இரண்டாம் பாடத்துக்குப் புதுக்கோட்டை மண்ணிலேயே உரை உண்டு. தொண்டைமான் சமஸ்தானத்தில் அமரகாரர்கள் போர்ப்பணிக்கு ஈடாக நிலம் பெற்றிருந்தனர். சேஷையா சாஸ்திரி திவானாக இருந்த காலத்தில், 1888இல் நடந்த இனாம் செட்டில்மெண்ட் அந்த ஏற்பாட்டை முடித்துவைத்தது. அதைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. சாதியும் படிநிலையும் பிணைந்த அமைப்பு அது. ஆயினும் பணிக்கு ஈடு உண்டு என்ற கணக்கு அதில் இருந்தது.

அந்தக் கணக்கே இல்லாத இடத்தில் என்ன நேரும்? மக்களைக் காப்பதாகச் சொல்லும் படை, அம்மக்களின் வீட்டுப் பிள்ளையைக் கேளாமலே கொண்டுபோகலாமா? ஈழம் இக்கேள்வியை நம் தலைமுறையின் கண்முன் வைத்தது.

1983 ஜூலைப் படுகொலைகளுக்குப் பின் இளைஞர்கள் தாமே திரண்டு இயக்கங்களில் சேர்ந்தனர். அப்போது எவரையும் இழுத்துச் செல்லத் தேவை இருக்கவில்லை. 1989இல், இந்திய அமைதிப்படை வெளியேறும் தறுவாயில், நம் அரசின் ஆதரவோடு ஈ.பி.ஆர்.எல்.எஃப். 'தமிழ்த் தேசிய ராணுவ'த்துக்கு இளைஞர்களைத் தெருவில் பிடித்தது. பயிற்சி குன்றிய அப்பிள்ளைகளில் பலர் புலிகளின் கையில் மாண்டனர். பின்னர் புலிகளும் அதே வழியில் நடந்தார்கள். 2004இல் கருணா பிளவுக்குப் பின் கிழக்கில் வீடு திரும்பிய சிறுவர்களை மீண்டும் கொண்டுசென்றனர். வன்னியில் வீட்டுக்கு ஒருவர் என்பது விதியாயிற்று. பிள்ளைகளைக் காக்கப் பெற்றோர் அவசரத் திருமணங்கள் செய்துவைத்தனர், பதுங்குகுழிகளில் ஒளித்துவைத்தனர். இறுதிக் கட்டத்தில் 14 வயதினர்கூடச் சேர்க்கப்பட்டதை ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கை பதிவு செய்திருக்கிறது. இலங்கை அரசின் எறிகணைகள் பொதுமக்களைக் கொன்று குவித்ததையும் அதே அறிக்கை சொல்கிறது. ஒன்று மற்றொன்றை அழித்துவிடாது.

"இனமே அழியும் வேளையில் விலக்குக் கேட்பது நியாயமா?" என்பார்கள். எளிதில் தள்ளிவிடக் கூடிய கேள்வியன்று. கட்டாய சேவை உள்ள நாடுகள் இன்றும் இருக்கின்றன. ஆனால் அங்கே பெரும்பாலும் ஒரு சட்டமும் வயது வரம்பும் உண்டு. மக்களாட்சி நாடாயின் முறையிட மன்றமும், அந்த அரசையே மாற்றும் வாக்கும் உண்டு. வன்னித் தாய்க்கு இவற்றில் எது இருந்தது? கேள்வி கேட்டவர்களுக்கு நேர்ந்ததையும் அறிவோம். 'முறிந்த பனை'யின் ஆசிரியர்களில் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். மறுக்க இடமில்லாத ஊரில் வேண்டுகோளும் கட்டளையே.

279ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தியார் காட்டும் தாய், போரில் கணவனை இழந்தபின்னும் ஒரே மகனிடம் வேலைத் தருகிறாள். அவள் தருகிறாள் என்பதில்தான் அப்பாடலின் உயிரே இருக்கிறது. அவள் மறுத்திருக்கவும் கூடும் என்பதால்தான் புலவர் வியக்கிறார். பறிக்கப்பட்ட பிள்ளைக்கு இப்பாடலைப் பாடுவது அத்தாயை இரண்டாம் முறை கொள்ளையிடுவதாகும். அந்த அச்சம் உள்ளே இருந்தவர்களையும் விட்டபாடில்லை. புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுப் பொறுப்பாளராயிருந்த தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' (2016) நூலில் கட்டாய ஆள்சேர்ப்பு ஆறாத வடுவாக நிற்கிறது.

நம் மாவட்டத்தில் லேனாவிளக்கு, தோப்புக்கொல்லை, அழியாநிலை ஆகிய ஊர்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. அங்கிருந்து வரும் மாணவர்களும் நம் வகுப்புகளில் அமர்கிறார்கள். வீரத்தாய் என்று நாம் உரக்கச் சொல்லும்போது அவர்களின் நினைவில் எந்த வீட்டுக் கதவு தட்டப்படுகிறதோ, அறியோம். பொன்முடியாரை நடத்துகையில் வேந்தனின் அடியைத் தாண்டி ஓடாமல், அங்கே சற்று நின்று பேசுவது அவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய கடன்.