விளக்கு ஏற்ற முடியாத அறை



கொஞ்ச நாளாக வெள்ளிக்கிழமை ஆலயத்துக்கு வருகிறவர்கள் எங்களிடம் கேட்கிற கேள்வி, "விளக்கு துடைக்கிற பொண்ணை எங்க காணோம்?" அந்தத் தங்கச்சி பல்கலைக்கழகம் போயிட்டா. கெடா, சிந்தோக்கில் இருக்கும் உத்தாரா மலேசியா பல்கலைக்கழகம். கொண்டுபோய் விட்டது நாங்கள்தான். அன்று நடந்ததைச் சொல்லவே இந்தப் பதிவு.

அப்பா இல்லாத பிள்ளை. வீட்டில் கார் இல்லை. பஸ்ஸில் போகிறோம் என்று அம்மா சொன்னார். வாளி, தலையணை, மெத்தை விரிப்பு, துணி காயப்போடும் ஹேங்கர், இரண்டு பெரிய பை, இவ்வளவையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலா? ஆலய வேனை எடுத்தோம். பதிவு நாளன்று அதிகாலை இரண்டு மணிக்குக் கிள்ளானை விட்டுக் கிளம்பி, தாப்பாவில் நிறுத்தித் தேத்தண்ணி குடித்தோம். குருன் பக்கம் போகும்போது விடிந்தது. இடது பக்கம் ஜெராய் மலை தெரிந்தது. தங்கச்சி ஜன்னலோரம் கும்பிட்டுக்கொண்டே வந்தாள்.

"எல்லாம் எடுத்து வச்சாச்சாக்கா? காசெல்லாம் போதுமா?" என்று அம்மாவிடம் கேட்டோம். "ஆச்சு தம்பி" என்றார். நாங்களும் அதோடு விட்டுவிட்டோம்.

பதிவு முகப்பில் அடையாள அட்டை நகல் கேட்டார்கள். அம்மா பத்திர உறையைத் திறந்து தேடும்போது ஒரு சீட்டு கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தது நாங்கள். அடகுக்கடைச் சீட்டு. ஒரு சங்கிலி, 1,400 ரிங்கிட். அவர் வாங்கி மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். ஒருவருக்கொருவர் முகம் பார்க்கவில்லை.

அதே வாரம்தான் நவராத்திரி பூ அலங்காரத்துக்கு உபயம் கேட்டு இங்கே பதிவு போட்டிருந்தோம். இரண்டே நாளில் சேர்ந்துவிட்டது. கொடுத்தவர்களைக் குறை சொல்லவில்லை. கேட்கத் தெரிந்த நாங்கள் இதைக் கேட்கவில்லையே என்பதுதான் உறுத்தல். ஆறு வருடமாக எங்கள் கூடவே தொண்டு செய்த பிள்ளை.

அறைக்குப் போனோம். இரண்டு கட்டில், இரண்டு மேசை, இரண்டு அலமாரி. கூடத் தங்கப்போகிறவள் கிளந்தானிலிருந்து வந்த மலாய்ப் பிள்ளை. அவள் அப்பா எங்களைக் கேட்காமலே ஒரு பையைத் தூக்கிக்கொண்டு படியேறினார்.

தங்கச்சி மேசையில் முதலில் எடுத்து வைத்தது முருகன் படம். அடுத்து திருநீறு. அதற்கப்புறம் துணியில் சுற்றிய காமாட்சி விளக்கு, எண்ணெய், திரி. கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த விதிமுறைத் தாளை அப்போதுதான் பார்த்தாள். அறைக்குள் நெருப்பு கூடாது. விளக்கு, மெழுகுவர்த்தி, ஊதுபத்தி எதுவும் கூடாது. நியாயமான விதிதான். ஆனால் விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். "அண்ணே, விளக்கு இல்லாம எப்படிண்ணே?"

சனிக்கிழமை தேவார வகுப்பில் எவ்வளவோ பேசுகிறோம். அந்த நேரத்தில் வாயில் ஒன்றும் வரவில்லை.

அம்மாதான் விளக்கை வாங்கிக்கொண்டார். "இத நான் வீட்ல ஏத்துறேன். நீ குளிச்சிட்டுத் திருநீறு பூசி, ஒரு பதிகம் பாடிட்டுப் படிக்கப் போ. சாமிக்குத் தெரியும்."

மலாய்ப் பிள்ளையின் அம்மா கிளம்பும்போது இவர் கையைப் பிடித்து, "ஜாங்ஙான் ரிசாவ், காக்" என்றார். கவலைப்படாதே அக்கா என்று. அதுவரை அழாமல் இருந்தவர் அப்போதுதான் அழுதார்.

திரும்பி வரும் வழியில் சங்கிலியை மீட்டுத் தருகிறோம் என்றோம். வேண்டாம் என்றார். "கடனா குடுங்க தம்பி, மாசா மாசம் கட்டிடுறேன். இனாமா குடுத்தா கோயில்ல தல நிமிந்து நிக்க முடியாது." அப்படியே செய்தோம். இப்போது வெள்ளிக்கிழமை மகள் இடத்தில் அவர்தான் விளக்கு துடைக்கிறார்.

இனி உங்களிடம் ஒன்று கேட்கிறோம். பிடிபிடிஎன் கடன் பதிவு நாளன்றே கைக்கு வந்துவிடாது, சில வாரம் ஆகும். தகுதி உள்ள குடும்பங்கள் முன்பணத்துக்கு விண்ணப்பிக்கலாம், அதைப் பற்றி முன்னமே விசாரித்து வையுங்கள். ஆனால் கட்டணம், வாளி, மெத்தை விரிப்பு, முதல் மாதச் சாப்பாடு எல்லாம் அதற்கு முன்பே வந்து நிற்கும். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு பிள்ளைக்கு இடம் கிடைத்தால், எங்களுக்கு ஒரு வார்த்தை அனுப்புங்கள். வேன் இருக்கிறது, ஓட்ட ஆள் இருக்கிறது. பணம் தேவையென்றால் செயலவையில் இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும். மைக்கில் பெயர் வராது.

நீங்கள் சொல்லும்வரை நாங்கள் காத்திருக்கப் போவதும் இல்லை. "காசு போதுமா" என்று ஒருமுறை கேட்டுவிட்டு இனிமேல் நிறுத்த மாட்டோம்.

முருகன் துணை.

ஆலயத் தொண்டூழியர் குழு