அய்யா விட்ட மூச்சும் கம்ப்யூட்டர் விட்ட இடைவெளியும்

அறுப்பு முடிஞ்சு வைக்கோலும் போர் ஏத்தியாச்சு. வாய்க்கால்ல தண்ணி வர்ற வரைக்கும் கை சும்மாதான். அதனால பல வருஷமா தள்ளிப் போட்ட ஒரு வேலையை எடுத்தேன்.

எங்க அய்யா வில்லுப்பாட்டுல குடம் அடிச்சவர். 1993-ல் பக்கத்து ஊர் சுடலைமாடன் கொடையில பாடினதை ஒருத்தர் டேப் ரிக்கார்டர்ல பிடிச்சு வச்சிருந்தார். 90 நிமிஷ கேசட் மூணு. அய்யா போய் 11 வருஷம் ஆச்சு. அவர் குரல் இப்ப அந்த மூணு கேசட்டுலதான் இருக்கு.

டவுன்ல ஒரு கடையில கொடுத்து பென் டிரைவ்ல ஏத்தி வாங்கினேன். 31 எம்பி3 துண்டா வெட்டிக் கொடுத்தாங்க. போட்டுக் கேட்டா, ஒவ்வொரு துண்டு மாறும்போதும் ஒரு விக்கல். சினிமாப் பாட்டுன்னா தெரியாது, ஒண்ணு முடிஞ்சு அடுத்தது வரும். வில்லுப்பாட்டு அப்படி இல்லையே. புலவர் ஒரு அடியைச் சொல்லி வாய் மூடுமுன்னே பின்பாட்டு "ஆமா"ன்னு வாங்கணும். புலவர் ஒரு துண்டுல, அய்யாவோட "ஆமா" அடுத்த துண்டுல. நடுவுல தாளம் நொண்டுது.

"அவுக தாளம் தப்ப மாட்டாகளே"ன்னு அம்மா சொன்னாங்க. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு.

தங்கச்சி மகன் லீவுக்கு வந்திருந்தான். அவன்தான் விளக்கினான். "மாமா, ஒரு வினாடி சத்தத்தை 44,100 புள்ளியா எடுத்து வைப்பாங்க. எம்பி3 அதை 1152 புள்ளி ஒரு கட்டுன்னு கட்டும். கடைசிக் கட்டு நிறையலைன்னா வெறும் மௌனத்தைப் போட்டு நிரப்பும். துண்டோட ஆரம்பத்துலயும் கொஞ்சம் வெறுமை சேர்ந்துடும்." கடைசி மூட்டை நிறையலைன்னு பதரைப் போட்டுத் தச்ச மாதிரின்னு எனக்குப் புரிஞ்சது. நெல் குறையலை, நடுவுல பதர் நிக்குது. ஒரு வினாடியில இருபதுல ஒரு பங்குதான். ஆனா தாளத்துல நிக்கிற காதுக்கு அது போதும்.

ஆடாசிட்டின்னு இலவச மென்பொருள். அதுல 31 துண்டையும் வரிசையா கோத்தோம். சீக்கிரம் முடிக்கணும்னு மௌனத்தைத் தானா எடுக்கிற வசதியை நான் அமுக்கிட்டேன். விக்கல் போச்சு. அம்மாவைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டுட்டு, "இந்த இடத்துல குடத்தை நிறுத்தி ஒரு மூச்சு விடுவாகளே, அது எங்கடா?"ன்னு கேட்டாங்க.

கதையில சாவு வர்ற இடம் அது. வில்லும் குடமும் நின்னு, சனம் அமைதியாகி, அப்புறம் மறுபடி குடம் எடுக்கும். கம்ப்யூட்டருக்கு அந்த மௌனமும் பதரும் ஒண்ணுதான்.

அழிச்சுட்டு முதல்ல இருந்து ஆரம்பிச்சோம். ஒவ்வொரு ஒட்டையும் பெருசாக்கிப் பார்த்தா, பதர் இருக்கிற இடத்துல அலை சுத்தமா நேர்கோடா இருக்கு. மேடையில விட்ட மௌனத்துல கோடு நடுங்குது. சனத்தோட இருமல், கேசட் இரைச்சல் எல்லாம் அதுல இருக்கு. நேர்கோட்டை மட்டும் கையால வெட்டினோம். 30 ஒட்டு, ரெண்டு ராத்திரி.

கேசட்டைத் திருப்பிப் போட்டதும் மாத்தினதுமா அஞ்சு இடத்துல கதை நிஜமாவே போயிருக்கு. அதை ஒட்டலை. ஒட்டினா பாடாததைப் பாடினதா ஆயிடும். ரெண்டு வினாடி மௌனம் விட்டு வச்சிருக்கேன்.

வீட்டுல பழைய கேசட் இருந்தா கடைக்காரர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க: துண்டு போட வேண்டாம், ஒரு பக்கத்துக்கு ஒரே ஃபைல், வேவ் இல்லைன்னா ஃபிளாக்ல வேணும்னு. அதுல இந்தப் பதர் சேராது. எம்பி3-ஐத் திருத்தித் திரும்ப எம்பி3-ஆ வைக்காதீங்க, ஒவ்வொரு தடவையும் சத்தம் தேயும். நாங்க ஃபிளாக்ல வச்சோம். சிடி போடுறதா இருந்தா 'டிஸ்க் அட் ஒன்ஸ்' முறையில இடைவெளி சைபர்னு வைக்கச் சொல்லுங்க. இல்லைன்னா பாட்டுக்குப் பாட்டு ரெண்டு வினாடி வெறுமை வந்து உக்காந்துக்கும்.

நேத்து ராத்திரி திண்ணையில போட்டோம். சாவு வர்ற இடத்துல குடம் நின்னுச்சு. அம்மாவும் கையில இருந்த வெத்தலையை மடிக்காம நிறுத்தினாங்க. குடம் எடுத்ததும்தான் மடிச்சாங்க.