ஒரு பாதிரியார் வாங்கிய மைதானம்

பிரான்சில் பர்கண்டிப் பக்கம், யோன் ஆற்றங்கரையில் ஓஸேர் என்று ஓர் ஊர். எழுத்துக் கூட்டிப் படித்தால் 'ஓக்ஸேர்' என்று வரும். ஆனால் உள்ளூர்க்காரர்கள் ஓஸேர் என்றுதான் சொல்வார்கள். நம் துய்மா வீதியை 'டுமாஸ் ஸ்ட்ரீட்' என்று வாசிப்பவரை வெளியூர்க்காரர் என்று நாம் கண்டுகொள்கிறோம் அல்லவா, அதுபோல அங்கேயும் கண்டுகொள்வார்களாம். ஜனத்தொகை சுமார் 35,000. பாரிசிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். இந்தச் சின்ன ஊரின் பையன்கள் சங்கம் ஒன்று 1996இல் பிரான்ஸ் நாட்டுக்கே கால்பந்து சாம்பியன் ஆனது. அந்தக் கதையை இன்று எழுத ஒரு காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

1905 டிசம்பர் 9ஆம் தேதி பிரான்சில் அரசையும் திருச்சபையையும் பிரிக்கும் சட்டம் வந்தது. பள்ளிக்கூடத்தில் வரலாற்றுப் பாடத்தில் இதை மனப்பாடம் செய்தவர்கள் நம்மில் சிலர் இன்னும் இருக்கிறோம். அந்தக் காலத்தில் சாமியார் கட்சி, குடியரசுக் கட்சி என்று ஒவ்வோர் ஊரும் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. பிள்ளைகள் யார் பக்கம் போவார்கள் என்பதுதான் இருவருக்கும் கவலை. பள்ளிக்கூடம் அரசின் கைக்குப் போய்விட்டது. பள்ளி இல்லாத நேரத்தில் பையன்களைச் சேர்த்து வைத்துக்கொள்ள, கோவில் பங்குகளில் 'பத்ரோனாஜ்' என்ற இளைஞர் மன்றங்களை நடத்தினார்கள். பாட்டு, நாடகம், உடற்பயிற்சி, பந்து எல்லாம் அங்கே உண்டு.

சட்டம் வந்து சரியாக இருபது நாள் கழித்து, டிசம்பர் 29ஆம் தேதி, ஓஸேரில் எர்னெஸ்த் தெஷான் என்ற பாதிரியார் ஒரு சங்கம் தொடங்கினார். பெயர் 'அசோசியாசியோன் த லா ழெனெஸ் ஓஸெருவாஸ்', அதாவது ஓஸேர் இளைஞர் சங்கம். சுருக்கமாக ஆ-ழி-ஆ. மால்டா சிலுவைதான் சின்னம். இன்றும் சட்டையில் அதே சிலுவை இருக்கிறது. எதிர்க்கட்சிக்கும் ஊரில் ஒரு கிளப் இருந்தது, 'ஸ்தாத் ஓஸெருவா'. ஒரே ஊருக்குள் சாமியார் அணியும் எதிர் அணியும் மோதினால் எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நம் பேட்டைகளில் பார்க்காததா!

இந்தப் பாதிரியார் செய்த காரியங்களிலேயே என் குமாஸ்தா மூளைக்கு முக்கியமாகப் பட்டது ஒன்றுதான். முதல் உலகப் போர் முடியும் தறுவாயில், ஊருக்கு வெளியே வோ கிராமத்துக்குப் போகும் சாலையில் அவர் நிலம் வாங்கினார். 1918இல் அங்கே மைதானம் வந்தது. பிரான்சில் பெரும்பாலான விளையாட்டு அரங்குகள் நகராட்சிக்குச் சொந்தம். கிளப்புகள் வாடகைக்கு இருப்பவை. ஓஸேர் அரங்கமோ சங்கத்தின் சொத்து. மேயர் மாறினாலும் கட்சி மாறினாலும் யாரும் வந்து காலி செய்யச் சொல்ல முடியாது. தெஷான் 1949இல் காலமானார். அரங்கத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்தச் சங்கம் வெளியூரில் யாருக்கும் தெரியாத ஒன்றாகத்தான் இருந்தது. ஆனால் கலையவில்லை.

1961இல் கி ரூ என்ற 22 வயது வாலிபரைப் பயிற்சியாளராக எடுத்தார்கள். இடையில் ராணுவ சேவைக்குப் போனதையும், பிற்பாடு ஒரு வருடம் ஓய்வில் இருந்ததையும் கழித்தால், 2005 வரை அவரேதான். முதல் டிவிஷனில் மட்டும் சுமார் 890 ஆட்டங்கள். 1963இல் தலைவராக வந்த ழான்-குளோத் ஆமெல் 2009 வரை, 46 வருடம், அந்த நாற்காலியில் இருந்தார். நம் அலுவலகங்களில் மூன்று வருடத்துக்கு ஒரு அதிகாரி வந்து, முந்தையவர் தொடங்கிய கோப்பை மூடிவிட்டு வேறு ஒன்றைத் திறப்பார். அதைப் பார்த்துப் பழகிய எனக்கு இது ஆச்சரியம்.

1979இல், இரண்டாம் டிவிஷனில் இருக்கும்போதே, பிரெஞ்சுக் கோப்பை இறுதியாட்டம் வரை வந்தார்கள். கூடுதல் நேரம் வரை தாக்குப்பிடித்து நாந்த் அணியிடம் 4-1 என்று தோற்றார்கள். அடுத்த வருடம் முதல் டிவிஷன். கையில் காசு வந்தது. மற்ற கிளப்புகள் பெயர் பெற்ற ஆட்டக்காரர்களை வாங்கிக்கொண்டிருக்க, ரூ அதை எடுத்துப் பையன்களுக்கு விடுதியோடு ஒரு பயிற்சிப் பள்ளி கட்ட வைத்தார். 1982இல் அது திறந்தது. இளைஞர்களுக்கான தேசியக் கோப்பையான காம்பர்தெல்லாவை அந்தப் பத்து வருடத்தில் மூன்று முறை வென்றார்கள். எரிக் கந்தோனா 15 வயதில் மார்செய்யிலிருந்து அங்கே வந்தவர். 1993இல் மிலானுக்கு எதிராகத் தலையால் முட்டி மார்செய்க்கு ஐரோப்பியக் கோப்பை வாங்கித் தந்த பசில் போலியும் ஓஸேர் வளர்த்த பையன்தான்.

ரூ சிக்கனக்காரர், கண்டிப்பானவர். பையன்கள் இரவில் ஊர் சுற்றுகிறார்களா என்று பார்க்க, அவர்கள் வண்டியின் மீட்டரில் ஓடிய கிலோமீட்டரைக் குறித்து வைத்துக்கொள்வார் என்பது பிரான்சில் எல்லோரும் சொல்லும் கதை. 1996இல் லீக், கோப்பை இரண்டும் ஒரே வருடத்தில் கிடைத்தன.

பிறகு இறக்கமும் வந்தது. 32 வருடம் முதல் டிவிஷனில் இருந்தபின் 2012இல் கீழே போனார்கள். தொழில்முறை அணியின் பெரும்பங்கை 2016இல் ஒரு சீனத் தொழிலதிபர் வாங்கினார். 2022இல் மேலே, 2023இல் கீழே, 2024இல் மறுபடி மேலே. எது எப்படியோ, மைதானம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

நிற்க. எங்களுக்கும் ஓர் அணி இருந்தது. 1965 வாக்கில், நெல்லித்தோப்பில், எங்கள் தெருப் பையன்கள் பதினாறு பேர். மாதச் சந்தா 25 காசு. கணக்கு நோட்டு என்னிடம். நோட்டின் தலைப்புகளைப் பிரெஞ்சில் எழுதுவேன், பெயர்களைத் தமிழில். பந்து, நாடா கட்டிய தோல் பந்து. உள்ளே பிளாடர். மழையில் ஊறினால் அதைத் தலையால் முட்டியவனுக்கு அன்று முழுதும் காது அடைத்துக்கொள்ளும். தோல் வெடிக்காமல் இருக்க, கறிக்கடையில் கொழுப்பு வாங்கித் தடவுவோம். தெருவுக்குப் பின்னால் இருந்த காலித் தோப்புதான் மைதானம். மில் சங்கு ஊதினால் ஆட்டம் முடிந்தது என்று அர்த்தம். அப்பாமார்கள் வீடு திரும்பும் நேரம் அது.

அந்த அணி கலைந்ததற்கு இரண்டு காரணம். ஒன்று உங்களுக்கே தெரியும். 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி இணைப்பு நடந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். பெரியவர்கள் கையெழுத்துப் போட்டார்கள், பிள்ளைகள் பிற்பாடு கப்பல் ஏறினார்கள். எங்கள் பதினாறு பேரில் ஐந்து பேர் வயது வந்ததும் சொல்தாவாகப் போய்விட்டார்கள். கோல் காத்தவனும் அதில் ஒருவன். ஆள் போனால் பரவாயில்லை, சின்னப் பையன்கள் வளர்ந்து வந்துகொண்டிருந்தார்கள். இரண்டாவது காரணம்தான் முடித்து வைத்தது. தோப்பின் சொந்தக்காரர் அதை மனை போட்டு விற்றார். அவருடைய நிலம், அவர் விற்றார், குறை சொல்ல முடியாது. முளைக்குச்சி அடித்த அன்று சாயங்காலமும் இரண்டு குச்சியைக் கோல் கம்பமாக வைத்து ஆடினோம். மறு மாதம் சந்தா கொடுக்க யாரும் வரவில்லை. நோட்டில் மிச்சம் 3 ரூபாய் 75 காசு.

2024இல் ஓஸேர் திரும்பவும் மேலே வந்தபோது, பாரிஸ் பக்கத்தில் இருக்கும் எங்கள் பழைய கோலி போன் செய்தான். பேரனை அழைத்துக்கொண்டு அந்த அரங்கத்தில் ஆட்டம் பார்த்து வந்திருக்கிறான். "டேய், நூறு வருஷமா அதே எடத்துல ஆடறானுங்கடா. நம்ம தோப்புல இப்ப என்ன இருக்கு?" என்றான். மூன்று மாடி வீடுகள் இருக்கின்றன என்றேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். நாங்கள் குடியிருக்கும் நகரில், மனைப்பிரிவு போட்ட காலத்திலேயே பொது உபயோகத்துக்கு என்று ஒதுக்கிய ஒரு துண்டு நிலம் இருக்கிறது. சாயங்காலத்தில் பத்துப் பதினைந்து பையன்கள் அங்கே பந்து உதைக்கிறார்கள். பணம் உள்ள வீட்டுப் பிள்ளைகள் மணிக்கணக்குக்கு வாடகை கொடுத்துப் பச்சை விரித்த 'டர்ஃப்'புக்குப் போய்விடுகிறார்கள். இவர்களுக்கு இந்த இடம்தான். குடியிருப்போர் சங்கத்தில் ஒரு சாரார் இதைக் கார் நிறுத்தவும், மீதியில் கூட்ட அறை கட்டவும் கேட்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தெருவில் கார் நிறுத்தித் தினமும் சண்டை நடப்பது உண்மைதான். ஆனால் கார் நிறுத்த வேறு வழி யோசிக்கலாம். இந்த நகரில் இன்னொரு காலியிடம் கிடையாது. ஒரு தடவை கட்டடம் எழும்பிவிட்டால், பிறகு எந்தப் பாதிரியார் வந்தாலும் வாங்கித் தர முடியாது.

ஆகவே முப்பத்தைந்து வருடம் பிறருக்காக வரைவு எழுதிய கையால் எங்களுக்காக ஒரு மனு எழுதினேன். வரைபட நகல் இணைத்திருக்கிறேன். விளையாட்டுத் திடல் என்று பலகை வைத்து, பதிவேட்டிலும் அப்படியே எழுத வேண்டும் என்பது கோரிக்கை. பையன்கள் வரிசையில் நின்று கையெழுத்துப் போட வந்தார்கள். பதினெட்டு வயது ஆகாதவர்கள் கையெழுத்து செல்லாது என்று சொல்லி, அப்பா அம்மாவை அழைத்து வரச் சொன்னேன். அன்றே இருபத்தெட்டுக் கையெழுத்து சேர்ந்தது.

கூட்டம் வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு. மனுவில் மூன்று நகல் எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்றில் 'பெற்றுக்கொண்டேன்' என்று தேதியோடு எழுதி வாங்காமல் திரும்பப் போவதில்லை.